தாய்மாமன் சீரில் நான்கு சக்கரங்கள்

என் சடங்குக்கு மாமா கொண்டுவந்த சீரில் பட்டுப்பாவாடை இருந்தது, வெள்ளிக் கொலுசு இருந்தது, பழமும் பனங்கற்கண்டும் மக்ரூன் டப்பாக்களும் இருந்தன. இவற்றோடு நான்கு கார்ச் சக்கரங்களும் இருந்தன. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆல்பத்தை எடுத்துக் காட்டினால்தான் நம்புகிறார்கள். முன்னால் நையாண்டி மேளம், பின்னால் தட்டேந்திய பெண்கள், அவர்களுக்குப் பின்னால் வெள்ளை வேட்டி கட்டிய நான்கு ஆண்கள். ஆளுக்கொரு சக்கரத்தைச் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து வருகிறார்கள். சக்கரங்களுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, நடுவிலுள்ள ஓட்டையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் செருகியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் நானும் இருக்கிறேன். பன்னிரண்டு வயதில் ஊரையே கூப்பிட்டு இப்படி மானத்தை வாங்குகிறார்களே என்ற முகத்தோடு பந்தலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

மாமா அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். அம்மா அவரை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அவர் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கண்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் அக்காவான அத்தை எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. என் காதுகுத்துக்கு மாமா கொண்டுவந்த சீரைப் பார்த்து அத்தை, "பூவோட சேத்து ஒரு மஞ்சப்பையில அடங்கிருச்சே" என்று பந்தலில் நாலு பேர் கேட்கச் சொன்னாளாம். அப்போது மாமாவுக்கு வேலை இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவர் பத்து வருடம் மனதில் வைத்திருந்தார். இந்த முறை எந்தப் பையிலும் அடங்காத ஒன்றைக் கொண்டுவருவது என்று முடிவு செய்திருக்கிறார். கார்ச் சக்கரம் எந்தப் பையிலும் அடங்காது அல்லவா?

எங்களிடம் அப்போது எண்ணூறு சிசி எஞ்சின் கொண்ட ஒரு சின்னக் கார் இருந்தது. அம்மா தன் சம்பளத்தில் பழைய வண்டியாகப் பார்த்து வாங்கியது. அவள் திருச்செந்தூர் சாலையில் உப்பளங்களுக்கு நடுவே இருந்த ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் தெருவில் கார் ஓட்டிய ஒரே பெண்ணும் அவள்தான். அப்பாவுக்கு வண்டி ஓட்ட வராது. பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வருவார். அந்தக் காருக்குப் பன்னிரண்டு அங்குலச் சக்கரம். இடுப்பளவு உயரமுள்ள டயர்களோடு பழகிய மாமா அவற்றை இட்லித்தட்டு என்பார். அவர் கொண்டுவந்தது பதினான்கு அங்குல அலாய் வீல், வெள்ளிக் குடம் மாதிரி பளபளவென்று, அகலமான டயரோடு. அத்தை அதைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அத்தை ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலையில் மாமாவே ஜாக்கி வைத்து நான்கையும் மாட்டினார். பழைய சக்கரங்களைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிட்டு, வேடிக்கை பார்த்த கூட்டத்துக்கு ஒரு பாடமும் எடுத்தார். "சின்ன வீலு ரெண்டு சுத்து சுத்துத தூரத்த பெரிய வீலு ஒரே சுத்துல போயிரும்லா. அப்ப எது மொதல்ல போய்ச் சேரும்? நீங்களே சொல்லுங்க." அப்பா, பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர் எல்லோரும் பெரிய வீல்தான் என்றார்கள். நானும் சொன்னேன். அம்மா கணக்கு டீச்சர். ஆனால் அன்று அவள் டீச்சராக இல்லை, சீர் வந்த வீட்டின் மகளாக இருந்தாள். அவளும் தலையாட்டினாள்.

என் பள்ளிக்கூடமும் அம்மா போகிற வழியில்தான் இருந்தது, அதனால் தினமும் அவளோடு காரில் போவேன். வழியில் ஒரே ஒரு சிக்கலான இடம். துறைமுகத்துக்குப் போகும் பைபாஸ் சாலையை நாங்கள் குறுக்கே கடக்க வேண்டும். சிக்னல் கிடையாது. எங்களுக்கு வலது பக்கம் ரயில்வே மேம்பாலம். அதிலிருந்து சுமை ஏற்றிய டிரெய்லர்கள் இறக்கத்தில் உருண்டு வரும், அவற்றால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அம்மா வண்டியை நிறுத்தி, இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே இடைவெளி பார்த்து, ஒரே மூச்சில் நடுத் தடுப்பின் திறப்புக்குள் போய் நிற்பாள். அதற்கப்பால் அவ்வளவு பயமில்லை, துறைமுகத்திலிருந்து வெறும் வண்டிகள் மெதுவாகத்தான் வரும். சாயங்காலம் திரும்பும்போது துறைமுகத்துக்குப் போகும் வண்டிகளே குறைவு, சிக்கல் காலையில்தான். அந்த ஒரே மூச்சை எண்ணுவது எனக்கு விளையாட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கில் நாங்கள் நடுத் தடுப்புக்கு வந்துவிடுவோம். வருடக்கணக்காக அது நான்குதான்.

புதுச் சக்கரம் மாட்டிய முதல் திங்கட்கிழமை அது ஆறு ஆனது. நான் வேகமாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன். செவ்வாயும் ஆறு. அம்மா கால் வலிக்க மிதிக்கிறாள், எஞ்சின் கத்துகிறது, வண்டி மட்டும் கூப்பிட்ட குரலுக்கு வராத மருமகள் மாதிரி நிதானமாக எழுந்து வருகிறது. "என்னளா இது, கை மறந்துபோச்சா எனக்கு?" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வண்டி மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. தம்பி கொடுத்த சீரைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றாது. தானம் கொடுத்த மாட்டையே பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், தாய்மாமன் சீரை எப்படிப் பார்ப்பது?

புதன்கிழமை அது நடந்தது. இடைவெளி பார்த்து அம்மா எடுத்தாள். நான் எண்ணினேன். நான்கு என்று சொல்லும்போது நாங்கள் இன்னும் சாலையின் நடுவில் இருந்தோம். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பிரேக் கிறீச்சிட்டது, ரப்பர் கருகும் வாடை வந்தது. நான் கண்ணைத் திறந்தபோது அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பம்பர் நின்றது. அதில் எழுதியிருந்த "முருகன் துணை"யை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கலாம், அவ்வளவு பக்கம். வசவோடு குதித்து இறங்கிய டிரைவர் அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "அக்கா, நீங்களா?" என்றார். எங்கள் வீட்டுக்குச் சக்கரம் சுமந்து வந்த நால்வரில் அவரும் ஒருவர். அம்மா வண்டியை மெல்ல நகர்த்தி நடுத் தடுப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தினாள்.  எனக்கு அப்போது பயம் வரவில்லை. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தபோது வந்தது.

சாயங்காலத்துக்குள் செய்தி மாமாவுக்குப் போய், மாமா எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். பயத்தில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"கெளம்புதன்னா டக்குனு கெளம்பணும்க்கா. தயங்கித் தயங்கி எடுத்தா எவன் நிப்பான்?"

"முழுசா மிதிச்சேம்லே. வரமாட்டேங்கு."

"நீ பயந்து பயந்து ஓட்டுத. அதான்."

எதிர்வீட்டிலிருந்து வந்திருந்த அத்தை, "பொம்பளைக்குப் பயம் இருக்கத்தான செய்யும். அது இல்லாட்டா எப்படி?" என்று அம்மாவுக்குப் பரிந்து பேசுகிறவளைப் போலச் சொன்னாள். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. காரை விற்றுவிடலாம், அதுவரை பஸ்ஸில் போகட்டும் என்று சொல்லிச் சாவியை எடுத்துச் சாமி அலமாரியில் வைத்தார். ஒரு நாளைக்குள் வாங்குவதற்கும் ஆள் பிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பார்க்க வருவதாக ஏற்பாடு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெருவில் டீச்சரம்மா வண்டியை லாரிக்குள் விட்டுவிட்டாள் என்றே பேசிக்கொண்டார்கள்.

வியாழனும் வெள்ளியும் நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போனோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா நின்றுகொண்டிருந்த காருக்குள் போய் உட்கார்ந்தாள். சாவி இல்லை. வெறுமனே கிளட்சை மிதிக்கிறாள், விடுகிறாள், கியரைத் தள்ளுகிறாள், மறுபடி மிதிக்கிறாள். கால் எங்கே தவறியது என்று தேடிக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அதற்கு முன் எங்கே போக வேண்டுமானாலும் யாரையாவது கேட்டுக்கொண்டிருந்தவள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ ரோட்டக் கடக்கும்போது எண்ணுவியே. எத்தன வரும்?" என்று திடீரென்று கேட்டாள்.

"ஆறு."

"முந்தி?"

"நாலு. எப்பவும் நாலுதான்."

அம்மா ஓடிய தூரம் காட்டும் டயலைக் குனிந்து பார்த்தாள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பதினொன்றரை கிலோமீட்டர். இந்த வாரம் அது பத்தேமுக்கால் என்று காட்டியதாம், அதை அவள் பார்த்தும் கவனிக்காமல் இருந்திருக்கிறாள். "வழி சுருங்கல. சக்கரம்லா பெருசாயிருக்கு. கொறஞ்ச சுத்துல அதே தூரம்" என்று விரலால் கண்ணாடியில் ஏதோ எழுதினாள். "ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போணும்னா, ஒரு சுத்து சுத்துததுக்குக் கூடப் பாடும் படணும்லா." அந்த நிமிடம் அவள் மறுபடி டீச்சர் ஆனாள். தொட்டிக்குப் பின்னால் போய்ப் பழைய சக்கரம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு காருக்குள் மாற்றுச் சக்கரத்தின் இடத்தில் கிடந்ததையும் தூக்கி எடை ஒத்துப் பார்த்தாள், அதுவும் பழையதுதான். புதியதை எப்படித் தூக்குவது? அது வண்டியில் அல்லவா இருக்கிறது. நாளைக்குப் பார்ப்போம் என்றாள்.

சனிக்கிழமை அப்பா உப்புக் கம்பெனி ஆபீசுக்குப் போனதும் அம்மா சாமி அலமாரியிலிருந்து சாவியை எடுத்தாள். ஓடாமல் கிடந்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று சாமிக்குக் காரணமும் சொல்லிக்கொண்டாள். பழைய சக்கரங்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, பைபாஸைக் கடக்காமல் சந்து சந்தாகச் சுற்றி, அதற்கு இந்தப் பக்கமே இருந்த ஒரு உப்பளச் சாலைக்குப் போனோம். கோடு போட்ட மாதிரி நேரான சாலை. இரண்டு பக்கமும் பாத்திகளில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்திருக்க, ஆள் நடமாட்டமே இல்லை. பம்பு ஷெட்டிலிருந்து மூன்றாவது கரண்ட் கம்பம் வரை ஓட்டினாள், நான் எண்ணினேன். பதினொன்று. மறுபடி பதினொன்று. பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜாக்கியை வைத்தாள்.

கழற்றிய பெரிய சக்கரத்தை என்னால் தரையிலிருந்து எழுப்பக்கூட முடியவில்லை. பழையதை முழங்கால் வரை தூக்கினேன். அம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி தள்ளச் சொன்னாள். சின்னது தள்ளியதும் குடுகுடுவென்று ஓடியது. பெரியது கிளம்பவே மனமில்லாமல் நின்று, பிறகு மெல்ல உருண்டு, உருள ஆரம்பித்ததும் நிற்க மனமில்லாமல் போய் வரப்பில் முட்டியது. "பாத்தியா. எஞ்சினுக்கு வண்டியத் தள்ளுதது ஒரு வேல. அதுக்கு மேல இந்த நாலு குண்டனையும் சுத்த வைக்கது இன்னொரு வேல. அதுவும் கனமெல்லாம் ஓரத்துல இருக்கு. மாமா லாரி எஞ்சினுக்கு இது தூசி. நம்ம எஞ்சினு உள்ளங்கையத்தண்டி" என்றாள். இன்று நான் பாலிடெக்னிக்கில் இதையே நிலைமத் திருப்புத்திறன் என்ற பெயரில் கரும்பலகையில் அரைப்பக்கச் சமன்பாடாக எழுதுகிறேன். அம்மா சொன்ன அளவுக்கு மாணவர்களுக்குப் புரிவதில்லை.

தலையில் துண்டு கட்டிய உப்பளத்துப் பெண் ஒருத்தி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன டீச்சர், வண்டிக்குச் செருப்பு மாத்துதியளா?" என்று கேட்டுவிட்டு, கூப்பிடாமலே வந்து ஸ்பேனரைப் பிடித்து இரண்டு நட்டை முறுக்கிக் கொடுத்தாள்.

பழைய சக்கரத்தோடு பம்பு ஷெட்டிலிருந்து கிளம்பினோம். எட்டு. நான் எட்டு என்று சொல்லும்போது கம்பம் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள். திரும்ப ஒருமுறை, அப்புறம் இன்னொருமுறை, கணக்குக்காக இல்லை, சும்மாவே ஓட்டினாள். எனக்கு அப்போதே வீட்டுக்கு ஓடி எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் சாலையோரம் வண்டியை நிறுத்தினாள். பிறகு இறங்கி மறுபடி ஜாக்கியை வைத்தாள். நான்கு பெரிய சக்கரங்களும் திரும்ப வண்டியில் ஏறின.

"எதுக்கும்மா?" என்றேன்.

"சீரக் கழட்டி வச்சா உங்க அத்த என்ன சொல்லுவா? மாமா காதுல அது விழணுமா?" என்றாள். "நீ யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. வண்டி போனா போவுது."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கணக்கில் விடை கண்டுபிடித்தால் அடியில் இரண்டு கோடு போட வேண்டும் என்று சொல்லித் தந்தவளே அவள்தான். கண்டுபிடித்த விடையை அழித்துவிட்டுத் தப்பு விடையை எழுதச் சொல்கிறாளே?

ஞாயிற்றுக்கிழமை மாமா மீன் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தையும் வந்திருந்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு வண்டி பார்க்க ஆள் வருகிற பேச்சு வந்ததும் அத்தை, "வண்டி என்ன செய்யும்? நல்ல வீலு, நல்ல வண்டி. ஓட்டுத கைல்லா சரியில்ல" என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எங்கம்மா கை நல்ல கைதான்! மாமா குடுத்த வீலுதான் தப்பு! பழைய வீல்ல எட்டு, இதுல பதினொண்ணு. நாங்க எண்ணிப் பாத்தாச்சு!"

 அம்மா கரண்டியோடு ஓடி வந்து என் தொடையில் கிள்ளினாள். தழும்பு விழுகிற கிள்ளு. "சின்னப்புள்ள பேச்ச எடுக்காதிய மைனி" என்று அத்தையிடம் சொன்னாள். பிறகு மாமாவைப் பார்த்து, "எனக்குத்தாம்லே கை வரல. வீலெல்லாம் நல்ல வீலு" என்றாள். மாமா அம்மாவையே பார்த்தார். எழுந்து சாமி அலமாரியிலிருந்து சாவியை எடுத்தார். "ஏட்டி, வா" என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனார்.

நேராகப் பைபாஸுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை, அதிகப் போக்குவரத்து இல்லை. அம்மா நிற்கிற அதே இடத்தில் நிறுத்தி, எண்ணு என்றார். அவர் மிதித்த மிதியில் எஞ்சின் அலறியது. ஐந்தரை. தினமும் டிரெய்லர் ஓட்டுகிறவருக்கே ஐந்தரை. திரும்பி வந்து மறுபடி. ஐந்தரை. மூன்றாவது முறைக்குப் பின் ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். அதன் மேல் இருந்த தூசியைத் தோள்துண்டால் துடைத்தார். அவருடைய காது சிவந்திருந்தது.

"அம்மாவுக்கு இது எப்பத் தெரியும்?"

"நேத்து. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னா."

அவர் எழுந்தார். மேம்பாலத்திலிருந்து ஒரு டிரெய்லர் இறங்கி வந்து, எங்களைத் தாண்டி, துறைமுகத்துப் பக்கம் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மனதுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். இப்போது மாமா வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்வார், அத்தை வாயடைத்துப் போவாள், அம்மா ஜெயிப்பாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மாமா சொன்னார், "வீலு நல்லாத்தான் இருக்கு. ஒரு குறையும் இல்ல."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "பொய்! அஞ்சரை வந்துச்சுல்லா?" என்று கத்தினேன். யாரும் என்னைப் பொருட்படுத்தவில்லை. மாமா அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அத்தான், வண்டிய விக்காதிய. அக்காவே ஓட்டட்டும். அந்த ரோட்டுல அக்காவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் பொறுப்பு." அந்தச் சாலையில் ஒரு நாளைக்கு எட்டு நடை போகிறவர் சொன்னால் அப்பா என்ன மறுத்துச் சொல்ல முடியும்? வாங்க வந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பே, மத்தியானம் சாப்பிடும்போது, அம்மா மாமாவின் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள். அக்காளும் தம்பியும் சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு மீன் தின்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நான் மாமாவிடம் பேசுவதை நிறுத்தினேன்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு நாங்கள் பைபாஸுக்கு வந்தபோது, துறைமுகம் போகும் தடங்கள் இரண்டையும் அடைத்துக்கொண்டு ஒரு டிரெய்லர் நின்றிருந்தது. நாங்கள் கடக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், மஞ்சள் விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டு. பின்னால் மேம்பாலம் வரை வண்டிகள் ஹாரன் அடித்தபடி வரிசை கட்டி நின்றன. முன்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது. டிரெய்லரின் கேபினில் மாமா. எங்களைப் பார்க்காமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கேபினை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நிதானமாக, சாமி ஊர்வலம் போவதைப் போல வண்டியைக் கடத்திக்கொண்டு போனாள். நான் எண்ணவே இல்லை.

"மாமா வண்டி ரிப்பேர் ஆயிருச்சு போல" என்றேன்.

"ஆமா. ரிப்பேர்தான்" என்றாள் அம்மா.

மறுநாளும் ரிப்பேர். அதற்கு மறுநாளும். மாமாவின் வண்டி பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில் சரியாக எட்டேகாலுக்கு அதே இடத்தில் நின்றுபோனது. லீவு நாட்களில் அது பழுதானதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது எங்கே இருந்தது? மாமாவுக்கு வண்டியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று என் வகுப்பில் சொல்லிச் சிரித்தேன். அவர் எப்போதாவது கேபினிலிருந்து என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த அகல டயர்கள் வழவழவென்று தேய்கிறவரைக்கும், ஏறக்குறைய இரண்டு வருடம், அவர் அங்கே நின்றார். டயர் தேய்ந்துவிட்டதென்று சொல்லி அம்மா பழைய சக்கரங்களை மாட்டியபோது அத்தையால்கூட ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள் மட்டும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. அன்று நாங்கள் போனபோது மாமா கேபினில் இல்லை. ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் அவரைக் கீழே இறக்கிச் சாலையில் நிறுத்தி வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற டிரைவர்களில் சிலரும் இறங்கி வந்து சேர்ந்து திட்டினார்கள். மாமா தலையைக் குனிந்து, ஒரு கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, வாய் திறக்காமல் நின்றார். அம்மா பிரேக்கை மிதித்தாள், இறங்கப்போகிறவளைப் போலக் கதவின் பிடியைப் பற்றினாள். மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் அவருடைய இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் போய், போ, போ என்று எங்களை விரட்டியது. அம்மா கதவை விட்டுவிட்டுக் கியரைப் போட்டாள்.

நடுத் தடுப்பைத் தாண்டியதும் பார்த்தேன், அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவும் இல்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. தம்பியை நாலு பேர் முன்னால் திட்டுவது அவளுக்கு அவமானமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவளைத் தேற்ற வேண்டும் என்றும் தோன்றியது.

"அழாதம்மா. அவருக்கு நல்லா வேணும். அன்னிக்கு நம்மள வச்சுப் பொய் சொன்னாருல்லா" என்றேன்.

 நான் நியாயம் கிடைத்துவிட்டவளைப் போலப் பையை மடியில் சரியாக வைத்து நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.